அழைத்தல் பத்திரம்

பெங்களூர் கண்டோன்மென்ட்டில், உல்சூர் ஏரி தொடங்கி ரிச்மண்ட் டவுன் கடைசி வரைக்கும், முதுகெலும்பு என்கிற உறுப்பு முழு நீளத்துக்கு வளர்ந்திருந்தது என் ஒருவனுக்குத்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சரித்திரக்காரர்கள் தேடி அலையக்கூடாதே என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன். என் பெயர் நோயல். அப்போது பி.ஏ. கடைசி வருஷம். அப்பா அம்மா இல்லாததால் அக்கா பெர்னதெத் வீட்டில் சாப்பாடு. அதைச் சாப்பிட்டுவிட்டு, ஊரில் யார் யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சிரிப்பது என் தொழில்.

அக்காவின் புருஷன் ரெமிஜியஸ், அர்ச்சியசிஷ்ட பந்தலேயோன் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிணற்றை ஒட்டி இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். மாமாவுக்கு உலகத்தில் தெரிந்தது பின்னம் ஒன்றுதான். ஒரு கொய்யாப்பழத்தைக் கையில் கொடுத்தால் தின்னமாட்டார். எட்டாக வெட்டி, எந்தப் பையனாவது போகிறானா என்று வாசலைப் பார்ப்பார்.

அந்த வருஷம் ஜனவரியில் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார். "ஐந்தாம் வகுப்புக் கணக்கு நன்று. மற்றவற்றைப் பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை." இதைப் படித்ததும் பள்ளிக்கூட மானேஜர், சங்கைக்குரிய ஓஸ்வால்ட் சுவாமியாருக்கு மூன்று நாள் தூக்கம் வரவில்லை. நான்காம் நாள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வாத்தியார்கள் படிக்காதது காரணமல்ல. பெஞ்சு இல்லாதது காரணமல்ல. மூன்று வகுப்புகள் ஒரே கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்று கத்திக்கொண்டிருப்பதும் காரணமல்ல. வாத்தியார்களுக்கு தேவ அழைத்தல் இல்லை.

குருக்களுக்கும் கன்னியாஸ்திரீகளுக்கும் சர்வேசுரன் அழைத்தல் கொடுப்பார் என்று நாங்கள் ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதற்கும் அது தேவை என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எல்லா வாத்தியார்களையும் கூடத்தில் நிற்கவைத்து, சுவாமியார் உட்கார்ந்துகொண்டு பிரசங்கம் செய்தார். அடிக்கடி மூக்குப்பொடி போட்டு, விரலை அங்கியில் துடைத்துக்கொண்டார். அங்கி அந்த இடத்தில் மட்டும் வேறு நிறமாக இருந்தது.

"அன்பான உபாத்தியாயர்களே! இந்தப் பாடசாலையில் உத்தியோகஸ்தன் என்று ஒருவனும் கிடையாது. எல்லாரும் அழைக்கப்பட்டவர்கள். உத்தியோகஸ்தனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அழைக்கப்பட்டவனுக்கு அன்றைக்குத்தான் கோயில் பெருக்குகிற வேலை. உத்தியோகஸ்தனுக்கு உடம்பு சுகமில்லாமல் போகும். அழைக்கப்பட்டவன் அதைச் சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுப்பான். உத்தியோகஸ்தன் சம்பள உயர்வு கேட்பான். அழைக்கப்பட்டவன் மோட்சத்தை எதிர்பார்ப்பான். மோட்சத்தில் நடப்பதற்கு மானேஜ்மென்ட் பொறுப்பல்ல என்பதையும் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்துக்கு ஹெட்மாஸ்டர் டொமினிக் கைதட்டினார். சுவாமியார் ஆளுக்கொரு அச்சடித்த தாளைக் கொடுத்தார். மேலே 'அழைத்தல் பத்திரம்' என்று இருந்தது. கீழே கட்டங்கள். அழைத்தல் கிடைத்த தேதி. இடம். விதம்: சத்தம், வெளிச்சம், கனவு, மற்றவை. சத்தமானால் அதன் பாஷை. சாட்சியின் பெயர். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முடிவதற்குள் பூர்த்தி செய்து, விசாரணைச் சபை முன்னால் வரவேண்டும். அழைத்தல் இல்லையென்று தெரிந்தவர், அழைத்தல் உள்ளவருக்கு இடத்தைக் காலி செய்து கொடுப்பார்.

மறுநாளிலிருந்து கோயில் லைப்ரரி அலமாரி முன்னால் வாத்தியார்கள் வரிசை. அர்ச்சியசிஷ்டர்களின், அதாவது புனிதர்களின், சரித்திரப் புத்தகங்கள் பத்து வருஷமாகக் கரப்பான் மட்டும் படித்துக்கொண்டிருந்தவை. இப்போது ஒரு புத்தகத்துக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். நான் காலேஜ் விட்டு வரும் வழியில் நின்று வேடிக்கை பார்ப்பேன். "என்ன சார், காட்சி எந்தப் பக்கத்தில் வருது?" என்று விசாரிப்பேன். பாவம், ஒருவரும் கோபிக்கவில்லை. பக்க நம்பரைச் சொன்னார்கள்.

விசாரணைச் சபை என்றால் சுவாமியார், ஹெட்மாஸ்டர், ஒரு கூஜா தண்ணீர். முதலில் ஹெட்மாஸ்டரே தம் அழைத்தலைத் தமக்கு முன்னால் சமர்ப்பித்துக்கொண்டார். பிளாக்பள்ளி மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு பெரிய குரல், "டொமினிக்!" என்று கூப்பிட்டதாம். உடம்பெல்லாம் நடுங்கிவிட்டதாம். அந்தக் குரல் அவர் சம்சாரத்தினுடையது என்று மார்க்கெட்டுக்கே தெரியும். சபை அதை ஏற்றுக்கொண்டது.

டிரில் மாஸ்டர் டென்சில், புத்தகத்து அர்ச்சியசிஷ்டர் ஒருவரைப் போலவே, பரேட் மைதானத்தில் குதிரையிலிருந்து விழுந்தபோது அழைக்கப்பட்டார்.

"உம்மிடம் குதிரை ஏது?" என்று சுவாமியார் கேட்டார்.

"குதிரை இல்லை, ஃபாதர். ஆனா விழுந்தது நிஜம்."

சுவாமியார் கண்ணை மூடி யோசித்தார். "விழுந்ததுதான் முக்கியம். குதிரை முக்கியமல்ல" என்று தீர்ப்பானது. முதல் வகுப்பு அழைத்தல்.

தையல் டீச்சர் ஜோசஃபின் விரலில் ஊசி ஏறி, வெள்ளைத் துணியில் விழுந்த ரத்தம் சிலுவை வடிவமாக நின்றதாகச் சொன்னாள். துணியைக் கொண்டுவரச் சொன்னார்கள். துவைத்துவிட்டேன் என்றாள். துவைத்த குற்றத்துக்காக இரண்டாம் வகுப்பு கொடுத்தார்கள். அடுத்த வாரம் விரலில் கட்டும் கையில் புதுத் துணியுமாக வந்தாள். முதல் வகுப்பாக உயர்த்தினார்கள். மூன்று கீழ்வகுப்பு வாத்தியார்கள் ஒரே நாளில், ஒரே புளியமரத்தடியில், ஒரே வெளிச்சத்தைக் கண்டிருந்தார்கள். மூவரும் ஒரே பக்கத்தைக் காப்பியடித்ததுதான் காரணம். சுவாமியார் இதில் ஒரு தப்பும் காணவில்லை. 'கூட்டு அழைத்தல்' என்று எழுதி ஒரே முத்திரையில் முடித்துவிட்டார். முத்திரை மையும் மிச்சமாயிற்று.

அழைத்தலின் தரப்படி டைம்டேபிள் மாற்றப்பட்டது. முதல் வகுப்புக்காரருக்கு மேல் வகுப்பு. எனவே குதிரையில்லாமல் விழுந்த டென்சிலுக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு கிடைத்தது. பத்திரம் இன்னும் கொடுக்காத என் மாமாவுக்கு மணி அடிக்கிற வேலை. டென்சில் தமக்குத் தெரிந்த முறையில் பின்னம் நடத்தினார். பையன்களை வெயிலில் நிறுத்தி, "அரை... வலதுபுறம் திரும்பு! கால்... இடதுபுறம் திரும்பு! அரையும் காலும் சேர்ந்தா எந்தப் பக்கம் பாத்து நிக்கிறே? சொல்லுடா!" என்பார். பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள். இரண்டு பையன்கள் மயக்கம் போட்டார்கள். டென்சில் அதை மீதி என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பையன்கள் எங்கள் கிணற்றடிக்கு வந்துவிடுவார்கள். யாரும் கூப்பிடவில்லை. மாமாவும் வரச்சொல்லவில்லை. கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து, அக்கா சுட்ட ரொட்டியைக் கிழித்துக் கிழித்து அவர்களுக்குப் பின்னம் சொல்லிக்கொண்டிருப்பார். வீட்டில் முழு ரொட்டியை நாங்கள் பார்த்தே ஒரு மாதம் ஆகியிருந்தது.

"என்னாங்க, அந்தத் தாளை எழுதிக் குடுத்துத் தொலைங்களேன்" என்றாள் அக்கா. அவளுக்கு அப்போது மூன்றாவது பிள்ளை, ஆறு மாசம். "வீடு போயிடும்ங்க. இந்த வயித்தோட எங்க போறது?"

"எனக்கு ஒன்னும் கேக்கலியே, பெர்னதெத்" என்றார் மாமா. வருத்தமாகவே சொன்னார். தமக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்பது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "டென்சிலுக்குக் கேட்டிருக்கு. ஜோசஃபினுக்கு ரத்தமே வந்திருக்கு. பன்னெண்டு வருஷமா நான் காலைல அஞ்சரைப் பூசைக்குப் போறேன். சர்வேசுரன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

நான் எழுந்து நின்றேன். இந்த மாதிரி நேரங்களில் நான் உட்கார்ந்து பேசுவதில்லை. "மாமா, ஒரு வரி பொய் எழுதாதீங்க! இவங்க எல்லாம் மண்புழு. நான் உங்க இடத்துல இருந்தா அந்தத் தாளைக் கிழிச்சு சாமியார் மூக்குப்பொடி டப்பாவுக்குள்ள போட்டிருப்பேன். பட்டினி கிடந்து செத்தாலும் சரி!"

"யாரு பட்டினி கிடக்கறது? நீயா?" என்றாள் அக்கா. "ஜல்தி கையக் கழுவிட்டு வா. சோறு ஆறுது."

நான் கை கழுவிவிட்டு வந்தேன். ஆனால் மாமா என் பேச்சைக் கேட்டுவிட்டார். அதுதான் வினை. அன்றைக்கே பத்திரத்தை எழுதினார். தேதி என்ற கட்டத்தில், 'தெரியவில்லை.' இடம்: 'ஐந்தாம் வகுப்பு.' விதம்: 'பையன்களுக்குக் கணக்குப் புரியும்போது சந்தோஷமாக இருக்கிறது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.' சாட்சி என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். எழுதும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அது என்னால் வந்தது என்று எனக்கு வெகு பெருமை.

விசாரணைக்கு இருவரும் போனோம். சுவாமியார் ஒரு தட்டில் அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். தோலைப் பத்திரங்களின்மேல் போட்டார். மாமாவின் பத்திரத்தை ஓரமாகத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"சந்தோஷமா?" என்றார்.

"ஆமா சாமி."

"ரெமிஜியஸ், அழைத்தலின் அடையாளம் கஷ்டம். உமக்கு வேலையில் சந்தோஷம் வருகிறது என்றால் அது உலக இச்சை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னீரா?"

"இல்ல சாமி. பாவம்னு தெரியாது."

"பன்னிரண்டு வருஷமாகவா?" சுவாமியார் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

சுவாமியார் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் மாமாவுக்கு உதவி செய்யத்தான் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "நன்றாக யோசித்துப் பாரும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஏதாவது நடந்திருக்கும். ஒரு சத்தம்? ஒரு வெளிச்சம்?"

மாமா நேர்மையாக யோசித்தார். "அன்னைக்குப் பல்வலி, சாமி."

"வலி!" சுவாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லது. எந்தப் பக்கம்?"

"இடது கடவாய்ப் பல்லு, சாமி."

சுவாமியாரின் முகம் சுருங்கிவிட்டது. "தீர்ப்பு நாளில் இடது பக்கம் சபிக்கப்பட்டவர்கள் நிற்கிற பக்கமாயிற்றே. வலது பக்கம் லேசாகவாவது...?"

"இல்ல சாமி. வலது பக்கத்துலதான் சோறு தின்னேன்."

"ரெமிஜியஸ், இன்னாப்பா நீ!" என்று ஹெட்மாஸ்டர் பொறுக்கமாட்டாமல் கத்தினார். "சாமி கையப் புடிச்சுக் கரையேத்தறாரு. வலதுன்னு சொன்னா உன் பல்லா விழுந்துடும்?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. மாமா சுவாமியாரிடம், "இடதுதான், சாமி" என்றார்.

அப்புறம் இன்னொரு குற்றச்சாட்டு வந்தது. அழைத்தல் இல்லாத ஒருவர், கிணற்றடியில், அழைத்தல் உள்ளவரின் வகுப்புப் பையன்களுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்து, அவர்களுக்கு அது புரிந்தும்விட்டது. பையன்கள் அதற்குப் பிறகு டென்சில் மாஸ்டரின் அரை வலதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சுவாமியார் இதில் உண்மையாகவே மனம் நொந்துபோனார்.

"குரு பட்டம் வாங்காதவன் பூசை வைத்தால் அதற்கு என்ன பெயர்? இன்றைக்கு அழைத்தல் இல்லாதவன் சொல்லிக்கொடுத்துப் பையன்களுக்குப் புரிந்துவிட்டது என்று விட்டுவிட்டால், நாளைக்கு எல்லாரும் புரிகிற மாதிரிதான் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பார்கள். பிறகு மானேஜ்மென்ட் எதற்கு? நான் எதற்கு?"

இந்தக் கேள்விகளுக்கு நான் பதில் வைத்திருந்தேன். வாயையும் திறந்தேன். சுவாமியார் என் பக்கம் திரும்பி, "நீ பி.ஏ. எழுதுகிற பையன்தானே?" என்று சிரித்தார். ஒரு கைப்பிடி கடலை நீட்டினார். கடலையை வாங்கிக்கொண்டேன். வாயில் கடலை இருக்கும்போது பேசுவது மரியாதையல்ல.

'அழைக்கப்படாதவர்' என்று மாமாவின் பத்திரத்தில் முத்திரை விழுந்தது. ஜூன் முதல் தேதி வீட்டைக் காலி செய்யவேண்டும்.

மாமா வேலை தேடிக் கண்டோன்மென்ட் முழுவதும் நடந்தார். மரம் விற்கிற தொட்டியில் கேட்டார்கள்: "பள்ளிக்கூடத்தில் ஏன் அனுப்பிட்டாங்க?" மாமா உள்ளது உள்ளபடி சொன்னார். மதராஸ்காரர் நடத்திய ஒரு பாங்கில் மானேஜர் வெங்கடசுப்ரமணியன் இந்தக் கதையைக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, காப்பி வாங்கிக் கொடுத்து, "பேஜாரு சார் உங்க கேஸு. கதவைச் சாத்திக்கிட்டுப் போங்க" என்று அனுப்பினார். என் பரீட்சை முடிவும் வந்தது. மூன்றாம் வகுப்பில் தேறியிருந்தேன். நானும் நாலு இடம் ஏறி இறங்கினேன். என் முதுகெலும்பைப் பற்றி ஓர் இடத்திலும் விசாரிக்கவில்லை.

மே மாதக் கடைசியில், ஒரு சாயங்காலம், ஹெட்மாஸ்டர் டொமினிக் வீட்டுக்கு வந்தார். அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். எட்டு மாசம் நடந்துகொண்டிருந்தது. குனிய முடியாமல் தரையில் உட்கார்ந்து கட்டினாள். மாமா வெளியே கிணற்றடியில் பையன்களோடு இருந்தார். இனிமேல் அவரைத் தண்டிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

"இந்தாம்மா பெர்னதெத், ஒரு நல்ல சேதி" என்றார் ஹெட்மாஸ்டர். "டென்சிலுக்கு சுளுக்கு. இன்ஸ்பெக்டர் மறுபடி வர்றாராம். சாமி ஒரு கிராஜுவேட் தேடறாரு. உன் தம்பிக்கு அழைத்தல் இருந்தா, வீடு உங்க குடும்பத்துலயே இருந்துட்டுப் போகட்டும்னாரு." அச்சடித்த தாள் ஒன்றை ஜன்னல் திட்டில் வைத்தார். "சாட்சிக்கு வீட்டு ஆளே போதும்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கட்டின சாக்கை அவிழ்க்கவும் இல்லை, மேலே கட்டவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் எப்படி..."

"நான் உன்னை ஒன்னும் கேக்கலியேடா."

மறுநாள் காலை கோயில் லைப்ரரிக்குப் போனேன். வரிசை கிடையாது. அலமாரிச் சாவி ஜோசஃபின் டீச்சரிடம் இருந்தது. "எல்லாரும் நல்லதை எடுத்துட்டாங்க தம்பி" என்று சொன்னாள். கேலியே இல்லை அவள் குரலில். "எண்ணெயில போட்டுப் பொரிச்ச அர்ச்சியசிஷ்டர் ஒருத்தர் இருக்கார், ஏரிக்கரையில குரல் கேட்டவர் ஒருத்தர் இருக்கார். உனக்கு ஏரி சுலபம். உல்சூர் கிட்டதானே?"

ஏரியை எடுத்துக்கொண்டேன்.

விசாரணையில் நான் சொன்னதாவது: உல்சூர் ஏரிக்கரையில், சாயங்காலம் நாலரை மணிக்கு, தண்ணீர்மேல் ஒரு வெளிச்சம். அதிலிருந்து என் பெயர் சொல்லி மூன்று தரம் ஒரு குரல். முழங்காலில் விழுந்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, சொல்லும்போது அங்கேயும் ஒரு தரம் முழங்காலில் விழுந்துவிட்டேன். சுவாமியார் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"சாட்சி?"

அக்காவால் நடக்க முடியாததால் மாமாவைத்தான் அழைத்துப் போயிருந்தேன். வெளியே நிற்பார், கேட்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். கூப்பிட்டுவிட்டார்கள். மாமா உள்ளே வந்து, "தோத்திரம் சாமி" என்று கைகூப்பி நின்றார்.

"ரெமிஜியஸ், அன்றைக்கு நாலரை மணிக்கு நீர் அந்தக் குரலைக் கேட்டீரா?"

நான் தரையைப் பார்த்தேன். தரையில் கடலைத் தோல்.

"இல்ல சாமி" என்றார் மாமா. "நாலரைக்கு நான் கிணத்தடியில பசங்களுக்குப் பின்னம் சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒன்னும் கேக்கல."

சுவாமியார் கண்ணை மூடினார். மூக்குப்பொடி போட்டார். அங்கியில் துடைத்தார். பிறகு ஹெட்மாஸ்டரிடம் சொல்லச் சொல்ல, அவர் எழுதினார்: "அழைக்கப்படாதவருக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. ஆகையால் அது சர்வேசுரனுடைய குரலே. சாட்சி மிகவும் பலமானது. முதல் வகுப்பு."

முத்திரை விழுந்தது. இருவரும் வெளியே வந்தோம். பள்ளிக்கூட வாசல்வரைக்கும் மாமா கூடவே நடந்து வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நோயல்," என்றார். "வகுத்தல்ல ஆரம்பிக்காதே. பசங்க இன்னும் பின்னத்தைப் பெருக்கறதுலதான் நிக்கறாங்க. அந்தக் கடைசி பெஞ்சு சுப்ரமணியனுக்கு ரெண்டு தரம் சொல்லணும். கையில ஏதாவது பழம் வச்சுக்க."

சரி என்று தலையாட்டினேன். அதற்குள் ஹெட்மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கைதட்டிக் கூப்பிட்டார். குரல் எந்தப் பாஷையில் பேசியது என்ற இடம் பத்திரத்தில் காலியாக விட்டுப்போயிருந்ததாம்.

உள்ளே போய், 'லத்தீன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.